என் வாழைக்குள் கேந்தி விதைத்த கை

முத்துப்பேச்சி பொய் சொல்கிறார்.

ஒரு தடவை இல்லை. பல தடவை. என் முகத்துக்கு நேராக, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். இதை நான் காதோடு காதாகச் சொல்லவில்லை. அச்சில் போடுகிறேன். பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டுக்காரர் இந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தால் மறைக்காதீர்கள். அவரும் படிக்கட்டும்.

யார் இந்த முத்துப்பேச்சி? திருச்சுழி ரோட்டில் இருக்கும் எங்கள் ஒன்றரை ஏக்கரில் வேலை பார்ப்பவர். ஊர் நரிக்குடிப் பக்கம். என் வயதுதான், ஓரிரண்டு வருடம் முன்னே பின்னே இருக்கும். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைப் பேச்சி என்பேன். அதிர்ந்து பேச மாட்டார். நான் அதிராமல் பேச மாட்டேன்.

அந்த ஒன்றரை ஏக்கரின் ஒரு மூலையில் வாழை வைத்த கதையைப் போன வருடம் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கும். நீங்கள் திட்டி எழுதிய கடிதங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. “அருப்புக்கோட்டைக் காட்டில் வாழையா, அம்மாவுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது” என்று ஒருவர். “கம்பும் கருவேலும் விளைகிற மண்ணில் என்ன வீம்பு” என்று இன்னொருவர். வீம்புதான். கிணற்றில் தண்ணீர் இருந்தது, என்னிடம் வீம்பு இருந்தது, வைத்தேன்.

ஆனால் எப்படி வைத்தேன் என்பதை அப்போது எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். அது தெரிந்தால்தான் பேச்சி செய்த காரியம் புரியும்.

நாங்கள் தறிக்காரக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். நானும் வீட்டுக்காரரும் முப்பது வருடம் பவர்லூம் ஓட்டினோம். நான்கு தறி. அந்தச் சத்தத்தில் என் காது பாதி போய்விட்டது, குரல் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. தறிகளை விற்றுவிட்டுத்தான் இந்த நிலத்தை வாங்கினோம்.

தறியை விற்றுவிடலாம். தறிக்காரக் கண்ணை யாரிடம் விற்பது?

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எப்படி இருக்கும்? இழைக்கு இழை இடைவெளி. கோடு போட்ட மாதிரி நேராக. நடுவே வேண்டாத ஒரு நூல் வந்து விழுந்தால் எங்களுக்கு அது குற்றம். உடனே நிறுத்தி எடுப்போம். தறிக்கூடத் தரையில் பஞ்சுத் தூசி சேர்ந்தால் கூட்டுவோம். ஒரு நாளைக்கு மூன்று தடவை.

வாழையையும் நான் அப்படித்தான் வைத்தேன். கயிறு பிடித்து, குச்சி அடித்து, பன்னிரண்டு வரிசை கற்பூரவல்லி ரகம். வரிசைக்குப் பத்துக் கன்று. நடுவில் ஒரு புல் இருக்கக் கூடாது. காய்ந்த இலை கிடக்கக் கூடாது. பேச்சியையும் அவரோடு வரும் இரண்டு பெண்களையும் கூட்டச் சொல்வேன். ஆமாம், விளக்குமாற்றால்! கரிசல் காட்டைக் கூட்டச் சொன்ன ஒரே ஆள் இந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். கூட்டிய சருகைக் குவித்துத் தீ வைத்துவிடுவேன்.

பேச்சி ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். “யக்கா, வாழைக்கு இடையில ஏதாச்சும் கொஞ்சம் தூவி விட்டா மண்ணு மூடுனாப்புல இருக்கும்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நீ கூலிக்கு வந்தியா, கிளாஸ் எடுக்க வந்தியா?”

அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதைத் தட்டச்சு செய்யும்போது எனக்கே கை கூசுகிறது. இருக்கட்டும். எழுதத்தான் வேண்டும்.

கன்று வைத்தது போன வருடம் ஆவணியில். ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் எனக்குக் கண்ணில் புரை. மதுரையில் ஆபரேஷன். குனியக் கூடாது, தூசி படக் கூடாது, சொட்டு மருந்து தவறக் கூடாது என்று டாக்டர் ஒரு பட்டியல் வாசித்தார். மகள் வீடு மதுரையில். ஒரு மாதம் அங்கேயே இருந்துவிட்டோம். வீட்டுக்காரரும் என்னோடு. தோட்டத்துச் சாவி பேச்சியிடம்.

மார்கழி பிறந்து நான்காம் நாள் திரும்பி வந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். மறுபடி போட்டுப் பார்த்தேன்.

என் பாவு வரிசையைக் காணோம்! வாழைக்கு நடுவே தரையே தெரியாமல் தட்டைப்பயறு. வாழையைச் சுற்றிச் சுற்றிக் கேந்தி, அதுதான் செண்டுமல்லி. ஜாண் உயரத்துக்கு வந்திருந்தது. மேற்கு வரப்பில் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் அகத்தி முளைத்து நிற்கிறது. கூட்டின தரை, சுத்தமான தரை, என் தரை... எங்கே போனது?

எனக்குக் கோபம் வந்தால் தெலுங்கில்தான் திட்டுவேன். அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்குப் புரியாது, அதனால் சேதம் குறைவு. அன்றைக்கு நான் தமிழில் திட்டினேன். வேண்டுமென்றே. அங்கே நின்ற எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று.

யார் போட்டது என்று கேட்டேன். பேச்சி, அந்த இரண்டு பெண்கள், மோட்டார் ரிப்பேருக்கு வந்த ஆள், என் வீட்டுக்காரர் - ஐந்து பேரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் அந்த வார்த்தையை விட்டேன்.

“எவ கை இதைப் போட்டுச்சோ, அந்தக் கை வெளங்காமப் போகட்டும்.”

சொல்லிவிட்டு நானே குனிந்து பிடுங்க ஆரம்பித்தேன். கிழக்கே இருந்து நான்கு வரிசை பிடுங்கினேன். டாக்டர் குனியாதே என்று சொன்ன கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார வைத்தார். போகும்போது பேச்சியிடம் கத்தினேன், மீதி எட்டு வரிசையையும் நாளைக்குப் பிடுங்கி முடித்துவிட வேண்டும் என்று.

பேச்சி தலையை ஆட்டினார்.

மறுநாள் வேலைக்கு வரவில்லை. மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்தார். பிடுங்கவில்லையா என்று கேட்டால், “நாளைக்குப் பிடுங்கிருவோம்க்கா.” மறுநாள் கேட்டாலும் நாளைக்கு. அடுத்த வாரம் கேட்டாலும் நாளைக்கு. அந்த நாளை இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. எனக்கோ குனியக் கூடாது. கத்த மட்டும்தான் முடியும். கத்தினேன்.

விதையை யார் போட்டது என்றும் அந்த வாரமே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதல் பொய் அப்போதுதான்.

“குருவி எச்சம் போட்டிருக்கும்க்கா.”

“குருவி எச்சம் வரிசை புடிச்சா விழும்? முழத்துக்கு ஒண்ணா?”

“நல்ல குருவியா இருக்கும்.”

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போகிறார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இவரை என்ன செய்வீர்கள்?

தை மாதம் ஒரு மஞ்சள் பை நிறைய தட்டைக்காய் எங்கள் வீட்டு வாசலில் இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அதற்கும் ஏதாவது குருவியைச் சொல்வார். பொரியல் வைத்துச் சாப்பிட்டோம். வீட்டுக்காரர் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டே, ரொம்ப மெதுவாக, “நல்லாத்தான இருக்கு” என்றார். நான் பதில் சொல்லவில்லை. வாயில் பொரியல் இருந்தது.

காய் ஓய்ந்ததும் பேச்சி அந்தக் கொடியை அறுத்து வாழைத் தூரைச் சுற்றிப் பரப்பிவிட்டார். குப்பை மாதிரி இருந்தது. கூட்டச் சொல்ல வாய் வரை வந்தது. ஏனோ சொல்லவில்லை. பொரியல் சாப்பிட்ட வாய்.

அப்புறம் பங்குனி, சித்திரை. எங்கள் கரிசலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மழையில் களி. வெயிலில் பிளவு. கோடையில் வெடிக்கிற வெடிப்பில் முழங்கை வரைக்கும் விடலாம். வெடிக்கும்போது மண் சும்மா வெடிக்காது, உள்ளே ஓடுகிற வேரையும் சேர்த்து அறுக்கும்.

நான் பிடுங்கிச் சுத்தம் செய்த நான்கு வரிசை வெடித்தது. பேச்சி ‘நாளைக்கு’ என்று விட்ட எட்டு வரிசை வெடிக்கவில்லை. காய்ந்த கொடியை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஈரம். தண்ணீர் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான். ஒரே மோட்டார்தான். என் நான்கு வரிசை மத்தியானத்தில் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். அந்த எட்டு வரிசை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, கொழுகொழு என்று.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கிழக்குப் பக்கம் மண் சரியில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் “அப்படியா” என்றார். முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த ‘அப்படியா’வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆடி வந்தது. ஆடிக்காற்று இங்கே எப்படி அடிக்கும் என்று நம் வட்டாரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே இருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும். பாதி மரம் குலை தள்ளியிருந்த சமயம். மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் போய்ப் பார்க்கிறேன்...

என் நான்கு வரிசையில் பத்தொன்பது மரம் கீழே கிடந்தது. ஒடிந்து விழவில்லை. வேரோடு சாய்ந்து கிடந்தது. குலையோடு. பிஞ்சோடு.

பேச்சியின் எட்டு வரிசையில் விழுந்தது இரண்டு.

தோட்டக்கலை ஆபீசில் இருந்து ஒரு பெண் வந்தார். நல்ல பெண், என் கத்தலுக்குப் பயப்படாதவர். விழுந்த மரத்தின் கிழங்கைக் கத்தியால் வெட்டிக் காட்டினார். வேர் கறுத்து, கட்டை கட்டையாக நின்றுபோயிருந்தது. நூற்புழு என்றார். கண்ணுக்குத் தெரியாத புழு, வேருக்குள் புகுந்து தின்னும், பிடிமானம் இருக்காது, காற்றடித்தால் மரம் சாய்ந்துவிடும். கன்றோடேயே வந்திருக்கும் என்றார். கன்றை நட்டபோது கிழங்கைச் சீவிப் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் கயிறு பிடித்தேன், குச்சி அடித்தேன். கிழங்கைச் சீவவில்லை.

அப்புறம் எட்டு வரிசைப் பக்கம் போய் ஒரு மரத்தடியில் தோண்டினார். வேர் வெள்ளையாக, சுண்டு விரல் தடிமனுக்கு நீளமாக ஓடியது. “கேந்தி வேரு இருக்கிற இடத்துல இந்தப் புழு பெருக முடியாதும்மா. தட்டைப்பயறு மண்ணை மூடி உரமும் குடுத்திருக்கு. மேற்கே அகத்தி காத்தைத் தாங்கியிருக்கு. யாரு இதெல்லாம் போட்டது? விவரமான ஆளு.”

எனக்குப் பின்னால் பேச்சி நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

“குருவி” என்றார்.

இரண்டாம் தடவை. அரசாங்க அலுவலர் முன்னிலையில்.

அன்றைக்கு ராத்திரி படுத்தால் ஒரு விஷயம் தறி மாதிரி மண்டைக்குள் ஓடியது. வெறும் பாவு மட்டும் துணியாகுமா? ஊடை நூல் குறுக்கே ஓட வேண்டாமா? பாவு மட்டும் இருந்தால் ஊதினால் பறக்கும். முப்பது வருடம் தறியில் நின்றவளுக்கு இது தெரியாதா? வாழை வரிசையைப் பாவு மாதிரி நட்ட நான், ஊடை ஓட்ட வந்த கையைத்தான் சபித்திருக்கிறேன்.

திருந்தினேன். நான் திருந்தினால் எப்படித் திருந்துவேன்? அதையும் அளவுக்கு மீறித்தான். வாழைக்குள் என்னவெல்லாம் போடலாம் என்று போனில் வீடியோ பார்த்தேன். ஒருவர் பூசணி போடுங்கள், படர்ந்து மண்ணை மூடும் என்றார். மரம் விழுந்த இடத்தில் பள்ளம் பறித்துப் பூசணி போட்டேன். என் கையால் போட்டது! பத்து நாளில் அழகாக முளைத்தது. பேச்சியிடம் காட்டினேன். “நல்லாருக்குக்கா” என்றார். பதினைந்தாம் நாள் ஒரு கொடியையும் காணோம்.

“ஆடு மேஞ்சுருச்சுக்கா.”

வேலி போட்ட தோட்டம். பூட்டிய கேட். பக்கத்திலேயே அகத்திக்கீரை தளதள என்று நிற்கிறது. அகத்தியை விட்டுவிட்டுப் பூசணியைத் தேடி மேயும் ஆட்டை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

தோட்டக்கலைப் பெண்ணிடம் போனில் கேட்டேன். பூசணி, வெள்ளரி, பீர்க்கு இதையெல்லாம் வாழைக்குப் பக்கத்தில் போடவே கூடாதாம். அந்தக் கொடிகளில் இருக்கும் அசுவினிப் பூச்சி வாழைக்கு நோயைக் கொண்டுவந்துவிடுமாம். “நல்லவேளை, ஆடு மேஞ்சது” என்றார் அந்தப் பெண். அந்த ஆட்டுக்கு இரண்டு கால்தான் என்று அவருக்குத் தெரியாது.

இவ்வளவு விவரம் பேச்சிக்கு எப்படித் தெரியும்? நான் ஏழு வருடமாகப் பேச்சியை வேலை வாங்குகிறேன். இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அவரோடு வரும் பெண்களில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. கல்யாணமான புதிதில் கம்பத்துப் பக்கம் பிழைக்கப் போனவராம். பதினோரு வருடம் வாழைத் தோட்டத்தில் வேலை. கன்று சீவுவதில் இருந்து குலை வெட்டுவது வரைக்கும் அவர் கை படாத வேலை கிடையாதாம்.

பதினோரு வருடம் வாழைக்குள் நின்றவர் கையில் நான் விளக்குமாற்றைக் கொடுத்தேன்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். இனிமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மாதம் முன்னால், வேலை முடித்து வீட்டுக்குப் போன பேச்சி, பஸ்ஸை விட்டு இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்தார். வலது கை மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

வலது கை.

எனக்குச் சாபத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் வாயில் வந்ததை எல்லாம் சொல்கிறவள். என் வாக்குப் பலிக்கும் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்றைக்கு நடமாட முடியாது. படி ஈரமாக இருந்தது, வழுக்கியது, அவ்வளவுதான். ஆனாலும் கேள்விப்பட்ட நிமிஷம் மார்கழியில் நான் விட்ட வார்த்தைதான் காதில் விழுந்தது. பாதி போன காதிலும் அது தெளிவாகக் கேட்டது.

ஆஸ்பத்திரிச் செலவு நம்முடையது, கட்டுப் பிரிக்கிற வரைக்கும் கூலியும் உண்டு என்று சொல்லி அனுப்பினேன். அது கடமை. அதற்கு நன்றி என்று பெயர் வைக்க முடியாது. நேரில் போய்ச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. போனேன்.

பேச்சி இடது கையால் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன், மார்கழியில் விட்ட வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று. எனக்கு இந்த மாதிரிப் பேசிப் பழக்கம் இல்லை.

பேச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அந்த வார்த்தையை யாரு மேல விட்டீகளோ, அவுககிட்டப் போயி எடுங்க. எங்கிட்ட எதுக்குக்கா வந்து சொல்றீக? நான் எங்க போட்டேன்?”

“பேச்சி, வெளையாடாத.”

“குருவிக்குத்தான் கை இல்லையே. ஒண்ணும் ஆகாது. உக்காருங்க, சாப்புடுவோம்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினேன். சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பினேன். கருவாட்டுக் குழம்பு.

ஏன் இந்தப் பிடிவாதம்? நான் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நான் கட்டிப் பிடித்து அழப்போகிறேனா? அப்படி எல்லாம் செய்ய மாட்டேன் என்று அவருக்குத் தெரியாதா?

பதில் எனக்கு மருந்துக் கடையில் கிடைத்தது. பேச்சியின் மகள் கவிதா அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறது. சுட்டியான பெண். இந்தப் பத்தியை வாரா வாரம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதும் அதுதான். போன வியாழக்கிழமை கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கப் போனபோது, உன் அம்மா ஏன் இப்படி அழுத்தமாக இருக்கிறார் என்று கேட்டேன்.

கவிதா மருந்தை அட்டைப் பெட்டியில் தேடிக்கொண்டே சொன்னது:

“ஊருக்குள்ள பேசுறாங்க பெரியம்மா. தோட்டத்துக்கார அம்மா வாய்விட்டுச்சு, பேச்சி கை ஒடிஞ்சு போச்சுன்னு. டீக்கடையில, ரேசன் கடையில, எல்லா இடத்துலயும் இதே பேச்சுதான். எங்கம்மாதான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி, நான் வெதையே போடலை, அப்புறம் அவுக வாக்கு எம்மேல எப்புடி விழுகும்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. ஒத்துக்கிட்டா உங்க பேரு கெட்டுப் போகும்ல?”

மருந்தைக் கையில் வைத்தது. நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சில்லறைகூட வாங்கவில்லை என்று பின்னால் கூப்பிட்டது.

புரிகிறதா உங்களுக்கு? எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது.

முதல் பொய் என் கோபத்துக்குத் தப்பிக்கச் சொன்னதாக இருக்கலாம். கடைசியாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பொய் எனக்காக. ஒடிந்த கையோடு வீடு வீடாகப் போய், அந்தக் கை ஒடிந்த பழி என் வாய் மேல் விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாழைக்கு மேற்கே அகத்தியை வைத்த மாதிரி எனக்கும் ஒரு வரப்புக் கட்டியிருக்கிறார். தன்னுடைய பதினோரு வருட அனுபவத்தை, மூன்று மாத யோசனையை, நிமிர்ந்து நிற்கிற எழுபதுக்கு மேற்பட்ட மரத்தை எல்லாம் ஒரு குருவியின் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு.

நன்றி என்ற வார்த்தையை இந்தப் பத்தியில் நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். விரலை மடக்கி எண்ணலாம், அதிலும் விரல் மிச்சம் இருக்கும். இப்போது எழுதுகிறேன். நன்றி பேச்சி. கேந்திக்கு நன்றி. தட்டைப்பயறுக்கு நன்றி. அகத்திக்கு நன்றி. அந்த எட்டு வரிசைக்கு நீங்கள் சொன்ன ஒவ்வொரு ‘நாளைக்கு’க்கும் நன்றி. பூசணியை மேய்ந்த ஆட்டுக்கு நன்றி. வாய் திறந்த ஒரே நாளில் வாயை அடைத்தேனே, அதற்கு அப்புறமும் கையை மூடாமல் இருந்ததற்கு நன்றி.

ஆனால் இந்தப் பொய்யை நான் விடப்போவதில்லை.

என் பெயர் கெட்டால் கெட்டுப் போகட்டும். அது ஏற்கெனவே ஒன்றும் பெரிதாக நல்ல பெயர் இல்லை. நான் விட்ட வார்த்தை என்னுடையது. அதை ஐந்து பேர் முன்னால் விட்டேன். எங்கள் தெருவில் இதற்கு ஒரு முறை உண்டு. நாலு பேர் முன்னால் விட்ட வார்த்தையை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். யார் மேல் விட்டோமோ அவர் எதிரே வந்து நிற்க வேண்டும். அவர் நிற்காமல் நான் யாரைப் பார்த்து எடுப்பது? காற்றையா? குருவியையா?

செவ்வாய்க்கிழமை பேச்சிக்கு மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள். அந்தக் கை மறுபடி வளையுமா, மண்வெட்டி பிடிக்குமா என்று அன்றைக்குத்தான் தெரியும். எனக்கு நம்பிக்கை கிடையாது என்று மேலே எழுதியிருக்கிறேன். கிடையாதுதான். இருந்தாலும் அந்தக் கட்டுப் பிரிவதற்கு முன்னால் என் வார்த்தை திரும்பி என் வாய்க்குள் வந்துவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டு டீக்கடை முன்னால் நிற்பேன். வீட்டுக்காரரும் வருவார். அன்றைக்கு நின்ற இரண்டு பெண்களையும், மோட்டார் ரிப்பேர் ஆளையும் வரச் சொல்லியிருக்கிறேன். பேச்சியின் எட்டு வரிசையில் முதலில் வெட்டிய குலை என்னோடு வரும். அதில் ஒரு சீப்பைக்கூட நாங்கள் தொடவில்லை.

கவிதா, இந்த இடத்தை அம்மாவுக்குச் சத்தமாக வாசி.

முத்துப்பேச்சி அவர்களே, எல்லோரும் கேட்க, பஸ் ஹாரன் சத்தத்துக்கு மேலே, பதில் சொல்ல வேண்டும். என் வாழைக்குள் அந்த விதையைப் போட்ட கை யாருடையது?

சீக்கிரம் வாருங்கள். குலை பழுக்க ஆரம்பித்துவிட்டது... குருவி வந்து கொத்துகிறது.